பங்கு வாங்குமுன் படிக்க வேண்டியது

எங்கள் விடுதி உணவுக் கூடத்தில் இப்பொழுது கிரிக்கெட்டைவிடப் பங்குச் சந்தைப் பேச்சே மிகுதி. உதவித்தொகை கைக்கு வந்த மறுநாளே கைப்பேசியில் 'ஆப்ஷன்' வாங்குவோரும் உளர். புதிதாக வந்த தம்பிகள், "அண்ணா, எந்தப் பங்கை வாங்கலாம்?" என்கிறார்கள். நான் படிப்பது பௌதிகம், வாணிபம் அன்று. ஆயினும் முதற் கேள்வி அதுவன்று என்பேன்.

பங்கு என்பது ஒரு கம்பெனியின் உடைமையில் சிறு கூறு. அன்றாடம் ஏறி இறங்கும் விலையோ, அக்கூறுக்குப் பிறர் இன்று தர இசையும் தொகை. இரண்டும் வேறு. 1850-களில் இதே மும்பையில், நகர மண்டபத்தின் எதிரே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடினர். 1875-இல் சங்கம் அமைத்தனர். அந்த ஆலமரத்தடி இன்று நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. வாங்குவது அரை நிமிட வேலை. அறியாமல் வாங்குவதும் அவ்வளவே எளிது.

தொடங்குபவர் பணம் போடுமுன், தாம் அறிந்த பொருளைச் செய்யும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிக்கட்டும். பங்குச் சந்தையின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கும். ஐந்தொகையில் கடன் எவ்வளவு? இலாபம் ரொக்கமாக வந்ததா? எங்கள் ஊர் மளிகைக் கடையில் கடன் நோட்டில் எழுதியதும் விற்பனைதான். ஆனால் கல்லாவில் விழுந்தால்தான் காசு. கம்பெனிக்கும் அதே கணக்கு. பல ஆண்டுகளாக இலாபம் உயர்ந்தும் ரொக்கம் வரவில்லையெனில், ஏன் என்று கேட்க வேண்டும்.

படித்தவரும் ஏமாறுவதுண்டு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று 7-1-2009 அன்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தார். அன்றே பங்கின் விலையில் முக்காற் பங்குக்கு மேல் போயிற்று. தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்குத்தான் அது! அப்பொழுது சத்யம், சென்செக்ஸ் குறியீட்டின் 30 கம்பெனிகளுள் ஒன்று. முப்பதையும் சேர்த்து வைத்திருந்தவருக்கு அது சிராய்ப்பு. அதை மட்டுமே வைத்திருந்தவருக்கு முதலே போன கதை. குறியீட்டு நிதியில் மாதம் ஒரு சிறு தொகை போடலாம் என்று நான் சொல்வது இதனால்தான். சந்தை முழுதும் சரிந்தால் அதுவும் சரியும். ஆகவே அடுத்த பருவக் கட்டணத்தை அதில் போடலாகாது.

ஆப்ஷன் பற்றி ஒன்று. 2021-22 முதல் மூன்றாண்டுக் கணக்கைப் பார்த்து செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வகை முன்பேர வணிகத்தில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேர் நட்டமடைந்தனர். நட்டம் சராசரியாக ஆளுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். நூற்றில் 93 முறை கண்ணாடிக் குடுவை வெடிக்கும் சோதனையை நம் ஆய்வுக்கூடத்தில் யார் செய்வார்?

யாரேனும் 'டிப்ஸ்' தந்தால், அவர் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரா என்று செபியின் தளத்தில் பார்க்கலாம். முதலீட்டாளருக்கென்றே தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் கட்டணமில்லாத தேர்வு ஒன்றும் நடத்துகிறது.

வரும் சனிக்கிழமை மாலை சங்க அறையில் ஓர் ஆண்டறிக்கையை வரிவரியாகப் படிக்க இருக்கிறோம். பென்சில் கொண்டு வாருங்கள். காப்பி சங்கத்தின் செலவு.