ஏறுமுன் ஒரு வாயில்

2024ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கண்ணீரோடு நம் இல்லத்துக்கு வந்தார். மலேசியாவில் வாழும் மகளின் தலைப்பிரசவத்துக்குத் துணை நிற்கப் புறப்பட்டவர் அவர். வளையல்களை அடகு வைத்துப் பயணச்சீட்டு வாங்கி, பிரசவ லேகியத்தையும் கட்டிக்கொண்டு விமான நிலையம் சென்றவரை, விமான நிறுவனத்தின் பணியாளர் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார். கடவுச்சீட்டு காலாவதியாக நான்கு மாதங்களே எஞ்சியிருந்தன. மலேசியாவோ ஆறு மாதம் கேட்கிறது.

“விசா வேண்டாம் என்றுதானே சொன்னார்கள், சாமி? காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தவர்களே தடுக்கலாமா?” என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். 2023 டிசம்பர் முதல் நாள் தொட்டு, இந்தியர் முப்பது நாள் தங்கிவர மலேசியா விசா கேட்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் விசா வேண்டாம் என்பதற்கு, வேறெதுவும் வேண்டாம் என்று பொருளன்று.

ஒரு நாட்டுக்குள் யாரை அனுமதிப்பது என்று முடிவு செய்வது அந்நாட்டு அரசே. ஆயினும் ஆவணங்களைப் புறப்படும் இடத்திலேயே பார்த்துவிடும் பொறுப்பை உலக நாடுகள் விமான நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. 1944இல் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் 9ஆம் பிற்சேர்க்கை இதனை விளக்குகிறது. உரிய தாள்களின்றிப் போய் இறங்குபவரைத் திருப்பிக் கொண்டுவரும் கடமை, அவரை ஏற்றிச் சென்ற நிறுவனத்தையே சாரும். தண்டமும் உண்டு. பிரிட்டன் 1987இல் இயற்றிய சட்டம், அத்தகைய பயணி ஒருவருக்கு 1,000 பவுன் என விதித்தது. பின்னர் அது 2,000 பவுனாக உயர்ந்தது. எனவே கவுண்டரில் இருப்பவர் நம்மைச் சந்தேகிக்கிறார் என எண்ண வேண்டா. தம் நிறுவனத்தின் பொறுப்பை நிறைவேற்றுகிறார்.

அத்தனை நாடுகளின் விதிகளையும் ஒருவர் மனப்பாடம் செய்ய இயலுமா? அதற்கென ‘டிமாட்டிக்’ என்னும் தகவல் தொகுப்பு இருக்கிறது. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ‘அயாட்டா’ அதனைப் பேணுகிறது. பயணி எந்நாட்டுக் குடிமகன், எங்கே செல்கிறார், வழியில் எங்கே இறங்கி ஏறுகிறார், கடவுச்சீட்டு எந்நாள் வரை செல்லும் என்பவற்றைக் கொடுத்தால், தேவையான ஆவணங்கள் எவையென அது கூறிவிடும். கடவுச்சீட்டில் நம் புகைப்படமுள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்தாக இரண்டு வரிகள் உள்ளனவே, அவை இயந்திரம் படிப்பதற்கானவை. எண், பிறந்த நாள், காலாவதி நாள் ஆகிய ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு சோதனை இலக்கம் நிற்கிறது. பிழை நேர்ந்தால் கணக்கு ஒத்துவராது.

தமிழ்க் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்வது நம் வழக்கம். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பலர் கலங்கினர். மறுபக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது. கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு மூன்றிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருத்தல் நலம். வழியில் விமானம் மாறுவதற்கே விசா கேட்கும் நாடுகளும் உண்டு. அதையும் முன்னரே விசாரித்துக்கொள்க.

பணியாளரும் மனிதரே, தவறலாம். அவர் தடுத்தால், எந்த விதியின்படி என்று பணிவாகக் கேட்டு, மேற்பார்வையாளரையும் அணுகலாம். ஆனால் தாளில் உள்ள குறையை வாதத்தால் நிரப்ப முடியாது.

அந்தத் தாய் தட்கல் முறையில் புதிய கடவுச்சீட்டுப் பெற்று, மூன்று வாரங்கள் கழித்துப் பறந்தார். அவர் சென்றடைந்தபோது பேரன் பிறந்து பத்து நாட்களாகியிருந்தன. முதற் பயணச்சீட்டின் பணம் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மகள் வலியில் அழைத்தபோது அருகில் இல்லாததே இன்னும் உறுத்துகிறது என்றார்.

பெட்டி கட்டும் இரவில் அல்ல, பயணச்சீட்டு வாங்க எண்ணும் அன்றே கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்.