உதிர்சருகும் நுண்வேரும்: சோழமண்டலக் கடற்கரைக் காடுகளில் நைட்ரஜன் சுழற்சி

ஆய்வுச் சுருக்கம்

மரங்கள் எடுத்துக்கொண்ட நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பும் முதன்மையான வழிகள் இரண்டு: மேலிருந்து விழும் சருகு, மண்ணுள் மடியும் நுண்வேர். இவை நைட்ரஜனை விடுவிக்கும் முறையும் காலமும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை விளக்கி, புதுச்சேரியை அடுத்த கோயிற்காடுகளில் சருகு அகற்றப்படுவதன் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உதிர்சருகு, நுண்வேர், கனிமமாக்கம், நுண்ணுயிர்ப் பிணைப்பு, கோயிற்காடு

முன்னுரை

காயா, வீரை, கருங்காலி முதலிய மரங்கள் வளரும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகள் சோழமண்டலக் கடற்கரையில் இன்று சிறுசிறு திட்டுகளாகவே எஞ்சியுள்ளன. அவற்றுள் பல கோயிற்காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே, புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அத்தகையது. இக்காட்டிலும் மரக்காணம் காப்புக்காட்டிலும் சருகு வீழ்ச்சி, நுண்வேர் இயக்கம் ஆகிய இரண்டும் 1990களிலேயே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. எனினும், ஊட்டச்சத்துச் சுழற்சி பற்றிய பேச்சு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் சருகோடு நின்றுவிடுகிறது.

சருகு: முதலில் பெறுதல், பின்னர் தருதல்

இலை உதிர்வதற்கு முன் மரம் அதிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியைத் தன்னுள் மீட்டுக்கொள்கிறது. ஆதலால் சருகில் கார்பன் மிகுந்தும் நைட்ரஜன் குறைந்தும் காணப்படும். இது சிதைவின் போக்கை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம்.

480 கிராம் கார்பனும் 12 கிராம் நைட்ரஜனும் கொண்ட சருகை எடுத்துக்கொள்வோம். இதன் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 40:1. நுண்ணுயிரிகள் இக்கார்பனில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 160 கிராமை, உடலாக மாற்றிக்கொள்வதாகவும், அவற்றின் உடலில் இவ்விகிதம் 8:1 எனவும் கொண்டால், அவற்றுக்கு 20 கிராம் நைட்ரஜன் தேவை. சருகில் உள்ளதோ 12 கிராம். எஞ்சிய 8 கிராமை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதுவே நுண்ணுயிர்ப் பிணைப்பு. சருகின் விகிதம் 20:1 ஆக இருந்தால் நைட்ரஜன் 24 கிராமாகும்; தேவை போக 4 கிராம் அம்மோனியமாக வெளிப்படும். இது கனிமமாக்கம். எனவே நைட்ரஜன் குறைந்த சருகு தொடக்கத்தில் மண்ணுக்குத் தருவதைவிட மண்ணிலிருந்து பெறுவதே மிகுதி.

நுண்வேர்: பிணைப்பின்றி விடுவித்தல்

நுண்வேர்கள் என்பன பொதுவாக 2 மி.மீ.க்குக் குறைந்த விட்டமுடையவை. இலையைப்போல வேர் மடியுமுன் மரம் நைட்ரஜனைக் குறிப்பிடத்தக்க அளவில் மீட்பதற்குச் சான்று மிகக் குறைவு. லிக்னின் மிகுதியால் வேர்கள் பல காடுகளில் சருகைவிட மெதுவாகவே சிதைகின்றன.

ஏழு உயிர்ச்சூழல் வகைகளில், 21 இடங்களில், பத்தாண்டுகள் நடந்த சிதைவு ஆய்வின் முடிவுகள் 2007இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. இலைச்சருகின் நைட்ரஜன் விடுவிப்பை அதன் தொடக்க நைட்ரஜன் செறிவும் எஞ்சியுள்ள நிறையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என அவை காட்டின. வேர்களிலோ நிகரப் பிணைப்பு மிகக் குறைவாகவே இருந்தது. நிறை குறையக் குறைய நைட்ரஜனும் வெளிப்பட்டது.

மேற்கண்ட கணக்கைக் கொண்டே இதற்கு ஒரு விளக்கம் கூறலாம். கடினமான வேர்ப்பொருளிலிருந்து நுண்ணுயிரிகள் கார்பனில் ஆறில் ஒரு பங்கை மட்டும் உடலாக்குவதாகக் கொண்டால், 80 கிராம் கார்பனுக்கு 10 கிராம் நைட்ரஜனே போதும். அதே 40:1 விகிதத்திலும் 2 கிராம் எஞ்சி வெளிப்படும். ஆகவே விகிதம் ஒன்றை மட்டும் கொண்டு வேரின் நடத்தையைக் கணிக்க இயலாது.

பருவமழையும் இழப்பும்

புதுச்சேரியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,300 மி.மீ. அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. நீண்ட நாள் உலர்ந்த மண் நனையும்போது கார்பனும் நைட்ரஜனும் திடீரென மிகுதியாகக் கனிமமாகின்றன. 1958இல் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆய்ந்த பர்ச் இதனை விளக்கியதால் இது 'பர்ச் விளைவு' எனப்படுகிறது. இவ்வாறு வெளிப்படும் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டை மண்துகள்கள் இறுகப் பற்றுவதில்லை. வேர்கள் உறிஞ்சுவதற்குள் கனமழை பெய்தால், மணற்பாங்கான மண்ணில் அது நீரோடு கீழிறங்கிவிடும்.

இங்கேதான் சருகின் பிணைப்பு பொருள் பெறுகிறது. நைட்ரஜன் குறைந்த சருகைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள், அந்நாட்களில் வெளிப்படும் நைட்ரஜனில் ஒரு பகுதியைத் தம் உடலில் பிடித்துவைத்துப் பின்னர் விடுவிக்கின்றன. சருகு நைட்ரஜனின் மூலம் மட்டுமன்று, அதன் காப்பும் ஆகும்.

வழிபாட்டிடத்தின் தூய்மை கருதிச் சருகைக் கூட்டி அகற்றுவதும் எரிப்பதும் பல கோயிற்காடுகளில் நிகழ்வதுண்டு. எரிக்கும்போது சருகின் நைட்ரஜனில் பெரும்பகுதி வளியாக வெளியேறிவிடும். அகற்றிய இடத்தில் நுண்வேர்கள் மடிந்து நைட்ரஜனை விடுவிப்பது தொடரும். ஆனால் அதனைப் பிடித்துவைக்கும் மேற்படலம் இராது. எனவே இழப்பு, அகற்றிய சருகிலுள்ள நைட்ரஜனைவிடக் கூடுதலாக இருக்கும் எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

இக்கருத்தைக் களத்தில் சோதிக்க, சருகுள்ள இடத்திலும் அகற்றிய இடத்திலும் சருகுப்பை, வேர்ப்பை ஆகிய இரண்டையும் ஒரே காலத்தில் வைத்து, முதல் மழைக்கு முன்னும் பின்னும் மண்ணின் நைட்ரேட்டை அளத்தல் வேண்டும். கழுவி உலர்த்திப் பையிலிட்ட வேர், மண்ணோடும் வேர்ப்பூஞ்சையோடும் கொண்ட தொடர்பை இழந்தது என்பதையும் முடிவுரைக்கும்போது கருதவேண்டும். கோயிற்காட்டில் மரத்தை வெட்டாமல் காப்பது மரபு. மரத்தடிச் சருகையும் அக்காப்பினுள் சேர்ப்பது, எஞ்சியுள்ள இச்சிறு காடுகளின் மண்வளத்திற்கு இன்றியமையாதது.