கனநீரில் கரைத்த உப்பு

சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போதெல்லாம் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் போய்க்கொண்டிருக்கின்றன. அநேகமாக ஒன்றுகூட உங்களைத் தொடுவதில்லை.

இவற்றை ரே டேவிஸ் 1960களின் கடைசியிலிருந்து, அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள் ஒரு தொட்டியை வைத்து எண்ணினார். விண்ணிலிருந்து பொழியும் மற்ற துகள்களை மலை தடுத்துவிடும் என்பதால்தான் சுரங்கம். கணக்குப்படி வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. டேவிஸ் எண்ணியது தப்பா, சூரியனைப் பற்றிய கணக்கு தப்பா என்று முப்பது ஆண்டுகள் வழக்கு தீரவில்லை.

நியூட்ரினோவில் எலக்ட்ரான், மியூவான், டாவ் என மூன்று வகை. சூரியனில் பிறப்பது முதல் வகை மட்டுமே; டேவிஸின் தொட்டியில் சிக்குவதும் அது மட்டுமே. வருகிற வழியில் வகை மாறியிருந்தால்?

முக்கியமான இடம் இதுதான். கனடாவின் சட்பரியில், நிக்கல் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஆயிரம் டன் கனநீரை நிரப்பினார்கள். அத்தனையும் இரவல். கனநீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் ஒட்டியிருக்கும். எலக்ட்ரான் வகை மோதினால் அந்த நியூட்ரான் புரோட்டானாகிவிடும். ஒரு எலக்ட்ரான் நீல ஒளி வீசிப் பாயும். ஆனால் எந்த வகை மோதினாலும் கரு இரண்டாக உடைந்து நியூட்ரான் தனியே வெளியேறவும் கூடும். ஒரே நீரில் இரண்டு எண்ணிக்கை: ஒரு வகை மட்டும் எவ்வளவு, எல்லாம் சேர்ந்து எவ்வளவு. 1984இல் ஹெர்பர்ட் சென் சொன்ன இந்த யோசனையைப்போல் அழகானது இயற்பியலில் அபூர்வம். அது பலித்ததைப் பார்க்க அவர் இல்லை, 1987இலேயே காலமாகிவிட்டார்.

தொல்லை என்னவென்றால், பாறைத் தூசியில் உள்ள யுரேனியமும் தோரியமும் வெளிவிடும் காமா கதிரும் அதே கருவை உடைக்கும். அதனால் உள்ளே போகிறவர்கள் எல்லோரும் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் போனார்கள். நியூட்ரானுக்கோ சொந்த ஒளி கிடையாது. அதை இன்னும் நன்றாகப் பிடிக்க 2001இல் இரண்டு டன் உப்பைக் கனநீரில் கரைத்தார்கள். உப்பிலுள்ள குளோரின் நியூட்ரானைச் சட்டென்று விழுங்கிக் காமா கதிரை உமிழும். அது ஒளிப்பொட்டாகத் தெரியும்.

உப்புக்கு முன்பே சேர்ந்த தரவுகளை வைத்து 2002இல் முடிவு வந்தது. மொத்த எண்ணிக்கை சூரியக் கணக்கோடு பொருந்தியது. அதில் எலக்ட்ரான் வகை மூன்றில் ஒரு பங்கு. உப்பு போட்டு எடுத்த அளவீடு மறு ஆண்டே அதை உறுதிசெய்தது. டேவிஸ் எண்ணியதும் சரி, சூரியக் கணக்கும் சரி.

வகை மாற வேண்டுமானால் நியூட்ரினோவுக்கு நிறை இருந்தாக வேண்டும். எவ்வளவு நிறை என்பதை இந்தச் சோதனைகளால் சொல்ல முடியாது. நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே இவற்றில் கிடைக்கும்.