ரங்கூன் கணக்கு ஆபீசில் இருந்து வந்த மூச்சுப் பயிற்சி

கோபர்கைரனேயில் இருந்து மகாபே, ஐரோலி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல் இன்று புதிதல்ல. கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். "இதில் மதம் இல்லை" என்று முதலிலேயே சொல்லி விடுவார்கள். எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்வதில்லை.

இது புத்தர் சொன்ன பயிற்சி. பாலி மொழியில் 'சதி' என்று பெயர். பர்மாவில் லெடி சயடா (1846-1923) என்ற பிக்கு இதைக் குடும்பஸ்தர்களுக்கும் திறந்து விட்டார். அவரது வழியில் வந்த சயா தெட்ஜி ஒரு விவசாயி. தெட்ஜியிடம் 1937-ல் கற்றவர் ஊ பா கின். ரங்கூன் கணக்கு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1948-ல் சுதந்திர பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக் கொடுத்தார்!

மதம் மாற்றி விடுவார்களா?

அவரிடம் ஒரு மார்வாரி வியாபாரி வந்தார். மாண்டலேயில் 1924-ல் பிறந்த எஸ்.என்.கோயங்கா. தீராத ஒற்றைத் தலைவலி. வெளிநாட்டு டாக்டர்களிடம் போயும் பலன் இல்லை. தலைவலிக்காக மட்டும் என்றால் வரவேண்டாம் என்று ஊ பா கின் சொல்லி விட்டார்.

கோயங்காவுக்கும் ஒரு பயம். ஆசாரமான இந்துக் குடும்பம், பவுத்தராக்கி விட்டால்? "ஒழுக்கம், மன ஒருமை, அறிவு ஆகிய மூன்றைத்தான் கற்றுத் தருகிறேன். இந்துவான உமக்கு இதில் என்ன ஆட்சேபம்?" என்ற பொருளில் குரு கேட்டார். 1955-ல் கோயங்கா பயிற்சியில் அமர்ந்தார்.

நம் வீடுகளிலும் இதே பயம் உண்டு. அதற்காக வேரை மறைக்க வேண்டியதில்லை. கோயங்கா மறைக்கவில்லை. 1969-ல் பம்பாயில் நடத்திய முதல் முகாம் தொடங்கி, புத்தர் பெயரைச் சொல்லித்தான் சொல்லிக் கொடுத்தார். மதம் மாறச் சொல்லவில்லை. 1976-ல் இகத்புரியில் நிலையம் வந்தது.

அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் ஆஸ்பத்திரியில் இதைச் சில வாரப் பயிற்சி ஆக்கினார். வலியில் தவித்த நோயாளிகளுக்கு அது உதவியது. கம்பெனி வகுப்புகள் அந்த வழியில் வந்தவை.

அந்த வகுப்புகளில் பெரும்பாலும் விட்டுப் போனது பஞ்சசீலம். கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே, தகாத உறவு கொள்ளாதே, போதையைத் தொடாதே என்ற ஐந்தையும் ஏற்ற பிறகே விபாசனா முகாமில் மூச்சுப் பக்கம் வருவார்கள். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் தொழிலாளியோடு நின்று விடும். பொய் சொல்லாதே என்றால் முதலாளியையும் அல்லவா கட்டும்!

பக்கத்திலேயே நிலையம்

கோபர்கைரனேவாசிகள் இகத்புரி வரை போக வேண்டாம். பேலாப்பூர் பார்சிக் குன்றில் 'தம்ம விபுல' நிலையம் இருக்கிறது. பத்து நாள் மவுனம். காலை 4 மணிக்கு எழ வேண்டும். கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது.

பத்து நாள் லீவுதான் கஷ்டம். மகாராஷ்டிர அரசு ஊழியர்களுக்கு விபாசனா முகாமுக்காக லீவு தர அரசாணை உண்டு. கம்பெனி ஊழியர்கள் முதலாளியைத்தான் கேட்க வேண்டும்.