நட்சத்திரம் யார் கொடுப்பது?

"கரண்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" எண்பதுகளில் கேட்டரிங் சேரப்போகிறேன் என்று சொன்ன பையனுக்கு வீட்டில் கிடைத்த முதல் வாழ்த்து இதுதான். சேர்ந்த பிறகு உறவினர்களிடம் "ஹோட்டல் மேனேஜ்மென்ட்" என்பார்கள். பின்பாதி மட்டும் சற்று உரக்க ஒலிக்கும். இன்று அதே வகுப்புக்குப் பிள்ளைகள் செஃப் ஆகும் கனவோடு வருகிறார்கள். 2019இல் 'குக்கு வித் கோமாளி' சமையல் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் தொடங்கியபின் வெள்ளைக் கோட்டுக்கு வீட்டுக் கூடத்திலேயே மரியாதை வந்துவிட்டது.

இந்தப் படிப்பு பிறந்த கதை வேறு. 1954இல் மும்பையில் லீலாவதி முன்ஷியின் முயற்சியில் முதல் கல்லூரி தொடங்கியபோது நாட்டின் கவலை உணவுத் தட்டுப்பாடு. சென்னை தரமணி நிறுவனத்தின் நீண்ட பெயரில் ஊட்டச்சத்தும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். 1982இல் இக்கல்வி உணவுத் துறையிடமிருந்து சுற்றுலாத் துறைக்குக் கைமாறியது. பசியை நினைத்துத் தொடங்கிய படிப்பு, விருந்தாளியை நினைக்கத் தொடங்கியது.

விருந்தாளியும் மாறினார். முன்பு கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டிய புகார்ப் புத்தகம் ஒன்று தொங்கும். அதில் எழுதியவரைவிட எழுதாமல் போனவரே அதிகம். வாடிக்கைக்காரர் சர்வரைப் பெயர் சொல்லி அழைத்து, "சாம்பார் இன்றைக்குச் சரியில்லையே" என்பார். மறுநாளும் அதே மேசைக்கு வருவார். 2000இல் டிரிப்அட்வைசரும் 2008இல் சொமாட்டோவின் முன்வடிவமும் வந்தபின் அந்த முணுமுணுப்பு ஊரறியப் பதிவாகிறது. ஒரு நாள் சாம்பார் பல ஆண்டுகள் ஆறாமல் கிடக்கிறது.

நட்சத்திரத்தின் கணக்கும் தலைகீழானது. அன்று அரசுக் குழு வந்து பார்த்துக் கட்டடத்துக்குக் கொடுத்தது. மூன்று கிடைத்தால் வாசலில் எழுதி வைப்பார்கள். இன்று அறையைக் காலி செய்துவிட்டு டாக்ஸியில் போகிறவர் கொடுக்கிறார். மூன்று வந்தால் மேனேஜர் விளக்கம் கேட்கிறார். குறை மட்டும் சொல்வதற்கில்லை. தனியாகப் பயணம் போகும் பெண், கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுமா என்பதை ஊரிலிருந்தே தெரிந்துகொள்கிறார். புகார்ப் புத்தகத்தால் அது ஒருநாளும் முடிந்ததில்லை.

மாணவர்கள் தடுமாறுவது பயிற்சிக் காலத்தில்தான். திரையில் பார்த்தது தட்டை அலங்கரிக்கும் கை. இங்கே காத்திருப்பது வெங்காய மூட்டையும், மதியம் விட்டு மாலையில் மறுபடி அழைக்கும் பிரேக் ஷிஃப்ட்டும். அன்றைய மாணவனுக்கும் இதே மூட்டைதான். ஆனால் அவன் எதையும் எதிர்பார்த்து வரவில்லை. வேலை கிடைத்தால் போதும் என்று நறுக்கினான்.

சென்ற மாதம் ஒரு விடுதியில் காலை உணவு முடித்து எழுந்தபோது, பரிமாறிய பயிற்சிப் பெண் தயங்கியபடி அருகில் வந்தாள். "சார், ரிவ்யூ போட்டீங்கன்னா என் பேரையும் சேர்த்து எழுதுங்க." பெயரைக் கேட்டேன். சொல்லிவிட்டு, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று, சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை நிமிர்த்திக் காட்டினாள்.