புரூக்ஸ் சட்டம் (1965)

புரூக்ஸ் சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசின் துறைகள் கணினிகளை வாங்குதல், வாடகைக்கு எடுத்தல், பராமரித்தல் ஆகியவற்றை நெறிப்படுத்திய சட்டமாகும். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜாக் புரூக்ஸ் இதனை முன்னெடுத்தமையால் இப்பெயர் பெற்றது. 1965 அக்டோபர் 30 அன்று சட்டமாகி, 1996 வரை நடைமுறையில் இருந்தது. மென்பொருள் பொறியியலில் குறிப்பிடப்படும் புரூக்ஸ் விதி இதனின் வேறானது.

பின்னணி

1960களின் தொடக்கத்தில் அரசுத் துறைகள் பெரும்பாலான கணினிகளை வாடகைக்கே பெற்றிருந்தன. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்ததால், அரசு முழுமைக்கும் உரிய பேரம் பேசும் வலிமை பயன்படாமற் போயிற்று. சந்தையில் ஐபிஎம் நிறுவனம் பெரும்பங்கு வகித்தது. ஒரு நிறுவனத்தின் கணினிக்கு எழுதிய நிரல்கள் மற்றொன்றின் கணினியில் பெரும்பாலும் இயங்கமாட்டா. ஆகவே, முதற்கணினியை விற்ற நிறுவனத்தையே துறைகள் தொடர்ந்து நாட வேண்டியிருந்தது. நெடுங்காலம் பயன்படும் கணினிகளை விலைக்கு வாங்குவதே சிக்கனம் எனத் தலைமைக் கணக்காய்வு அலுவலகம் சுட்டிக்காட்டியது.

பொறுப்புப் பங்கீடு

இச்சட்டம் மூன்று அமைப்புகளுக்குப் பொறுப்புகளைப் பிரித்தளித்தது:

* பொதுச் சேவைகள் நிர்வாகம் - கொள்முதலும் பராமரிப்பும்
* தேசியச் சீர்தரப் பணியகம் - தொழில்நுட்பச் சீர்தரங்கள்
* வரவுசெலவுத் திட்டப் பணியகம் - கொள்கை வழிகாட்டல்

துணைக்கருவிகளும் பராமரிப்பும்

கணினித் தொகுதி முழுவதையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கவேண்டிய தேவையில்லை என்பது 1960களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. மெமோரெக்ஸ், டெலெக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஐபிஎம் கணினிகளுடன் நேரடியாக இணைக்கத்தக்க வட்டு இயக்கிகளையும் நாடா இயக்கிகளையும் குறைந்த விலைக்கு விற்றன. இத்தகைய கருவிகளைத் தனியே வாங்கிச் செலவைக் குறைக்குமாறு கணக்காய்வு அலுவலகம் 1969 இல் பரிந்துரைத்தது. இத்தகைய இணைப்புக்குரிய இடைமுகச் சீர்தரம் 1979 இல் வெளியிடப்பட்டது.

பராமரிப்பில் போட்டிக்கு முன்னரே வழி பிறந்திருந்தது. 1956 ஆம் ஆண்டின் இசைவுத் தீர்ப்பின்படி, ஐபிஎம் தன் பொறிகளை வாடகைக்கு விடுவதோடு விற்கவும், பிறர் பழுதுபார்ப்பதற்கு உதிரிப்பாகங்களை வழங்கவும் வேண்டியிருந்தது.

இவற்றினின்று பெறப்படும் கருத்து ஒன்றுண்டு. ஒப்பந்தப்புள்ளி கோருவதால் மட்டும் போட்டி உண்டாவதில்லை. ஒரு நிறுவனத்தின் கருவிக்கு மாற்றாக வேறொன்றைப் பொருத்த இயலும்போதே விலை குறைகின்றது.

குறைகளும் நீக்கமும்

நடைமுறைகள் பெருகியதால் கொள்முதல் நெடுங்காலம் இழுத்தது. கணினி வந்து சேரும்போது அதன் தொழில்நுட்பம் பழையதாகிவிடுவதும் உண்டு. பாதுகாப்புத் துறையின் குறிப்பிட்ட சில கொள்முதல்களுக்கு 1981 இல் விலக்களிக்கப்பட்டது. 1985 முதல், வாய்ப்பிழந்த நிறுவனங்கள் பொதுச் சேவைகள் நிர்வாகத்தின் ஒப்பந்த மேல்முறையீட்டு வாரியத்தில் முறையிட முடிந்தது. இது துறைகளின் பாரபட்சத்தைத் தடுத்தபோதிலும் காலதாமதத்தைக் கூட்டியது.

1996 இல் கிளிங்கர்-கோகென் சட்டம் புரூக்ஸ் சட்டத்தை நீக்கி, கொள்முதல் அதிகாரத்தைத் துறைகளிடமே ஒப்படைத்தது. முதன்மைத் துறைகள் தலைமைத் தகவல் அலுவலரை நியமிக்க வேண்டும் எனவும் விதித்தது. எனினும், அரசுக் கொள்முதலில் வெளிப்படையான போட்டி வேண்டும் என்ற பொதுவிதி தொடர்ந்தது.