போர்வீல் லீவர் இறுகிப்போவதும் அதனைத் தளர்த்தும் விதமும்

கல்வராயன் மலைக் குடியானவர்கள் பயிரிடும் மரவள்ளிக் கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று தினங்களுக்குள் சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளை அடைதல் வேண்டும். தாமதித்தால் கிழங்கினுள்ளே கருநிறக் கோடுகள் ஓடி, மாவின் தன்மை கெட்டு, விலை குறைந்துபோம். காட்டிலிருந்து தார் ரோடு வரையிலுள்ள மண்பாதையில் பாரம் இழுக்கப் பழைய ஜீப்புகளும் அவ்வமைப்பையொட்டிய பிக்கப் வண்டிகளும் பெரிதும் பயன்படுகின்றன. அவ்வண்டிகளில், முன் சக்கரங்களுக்கும் இஞ்சின் சக்தியைச் செலுத்தும் 'போர்வீல்' லீவர் அசைய மறுத்து, பாரத்துடன் வண்டி வழியில் நின்றுவிடுவதுண்டு. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், மெக்கானிக்கைத் தேடிக் கள்ளக்குறிச்சிக்கு ஆளனுப்பும் அவசியம் பெரும்பாலும் நேராது.

கியர் பெட்டியை அடுத்து டிரான்ஸ்பர் பெட்டி என்று ஒன்றுண்டு. போர்வீல் போடாதபோது சக்தி முழுவதும் பின் ஆக்ஸிலுக்கே செல்லும். லீவரைப் போட்டதும் அப்பெட்டியினுள் ஒரு பற்சக்கரம் நகர்ந்து, முன் ஷாப்டையும் பின் ஷாப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதுமுதல் இரண்டும் ஒரே கணக்காகச் சுற்றியே தீரவேண்டும். ஆனால் வளைவில் திரும்புங்கால் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகன்ற வட்டத்தில் சென்று அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றிலும் புழுதியிலும் சக்கரம் சற்று வழுக்கி இவ்வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டிலோ வழுக்க இடமில்லை. ஆகவே, கயிறு திரிப்பதுபோல் ஷாப்டுகளில் முறுக்கு ஏறிப் பற்களை இறுகப் பிடித்துக்கொள்ளுகிறது. கச்சிராயபாளையத்தில் போர்வீல் போட்டு, மலை வளைவுகள் அத்தனையும் தார் ரோட்டிலேயே ஏறி, வெள்ளிமலையில் லீவரை எடுக்க முயல்பவருக்கு அது வராததில் வியப்பில்லை. குற்றம் வண்டியினுடையதன்று.

இவ்வாறு இறுகியபோது லீவரில் இரும்புக் குழாயைச் செருகி இழுக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். உள்ளேயுள்ள போர்க் வளைந்தால் பெட்டியையே பிரிக்க நேரிடும். சம தரையில் ஸ்டியரிங்கை நேராக்கி, ரிவர்ஸ் கியரில் பத்துப் பதினைந்தடி மெல்லப் பின்னே செல்லுக. செல்லும்போதே லீவரை இலேசாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கிளச்சை அழுத்தினால், முறுக்கு அவிழும் கணத்தில் அது தானாகவே விடுபடும். அல்லது ரோட்டோரத்து மண்ணில் ஒரு பக்கத்துச் சக்கரங்களை இறக்கிச் சற்று ஓட்டினாலும் போதும். இரண்டும் பயன்படாவிடில், சமமான இடத்தில் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்குக. தரையை விட்டதும் அச்சக்கரம் வெடுக்கென்று சுழன்றால் முறுக்கே காரணமென்று தெளியலாம். கையை அருகில் கொண்டுபோகலாகாது. சரிவில் இம்முறையை ஒருகாலும் கையாளற்க.

நேர் ரோட்டிலேயே லீவர் இறுகுமாயின் டயர்களைப் பார்க்க வேண்டும். தேய்ந்த டயர்களை முன்னேயும் புதியவற்றைப் பின்னேயும் மாட்டுவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் விட்டத்தில் இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் குறையும். 220 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தோடு இதனை ஒப்பிட்டால், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சிறிய சக்கரம் 17 சுற்று அதிகம் சுற்றவேண்டியிருக்கும். அத்தனையும் முறுக்காகவே சேரும். நான்கு டயர்களையும் கயிற்றால் சுற்றி அளந்து ஒப்பிடுவதற்குக் கால் மணி நேரம் போதும். காற்றும் குறித்த அளவில் இருத்தல் வேண்டும்.

வில்லிஸ் மாதிரியைச் சேர்ந்த பழைய ஜீப்புகளில் டிரான்ஸ்பர் பெட்டிக்கு மாத்திரம் இரண்டு லீவர்கள் உண்டு. ஒன்று போர்வீலுக்கு, மற்றொன்று ஹை, லோ என்னும் வேகங்களுக்கு. போர்வீல் போட்டாலன்றி லோ விழாது. லோவை எடுத்தாலன்றிப் போர்வீல் வெளிவராது. உள்ளே ஒரு தடுப்பு முளை இதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. இதனை அறியாது தவறான லீவரோடு மல்லாடுவோர் பலர். வண்டி நின்றபின்பே லோ போடுக. பல்லோடு பல் முட்டி விழாவிட்டால் கிளச்சைச் சற்றே விட்டு மீண்டும் அழுத்திப் போடவும்.

இங்கே ஓர் அபாயத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இரண்டாவது லீவர் ஹைக்கும் லோவுக்கும் நடுவே நின்றுவிட்டால், மெயின் கியர் போட்டிருந்தாலும் இஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அற்றுப்போம். கியரை நம்பிச் சரிவில் நிறுத்திய வண்டி மூட்டைகளோடு உருண்டுவிடும். இறக்கத்தில் செல்லும்போது லீவர் அவ்விதம் நழுவினால் இஞ்சின் பிடிப்பு இராது. பிரேக் ஒன்றே கதி. ஆதலால் மலையில் நிறுத்துங்கால் லீவர் முழுவதும் விழுந்ததா என்று பார்த்து, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்திற்குக் கல்லும் வைக்க வேண்டும்.

முறுக்கில்லாமலே, வண்டி நிற்கும்போதும் லீவர் கனமாக இருந்தால், பெட்டிக்கு வெளியே லீவர் திரும்பும் கீலில் சேறும் துருவும் அடைத்திருக்கும். மண்ணெண்ணெயால் கழுவிக் கிரீஸ் ஏற்றுக. அதன்பின் எண்ணெய் மட்டம் பார்க்கவும். ஓடைகளைக் கடக்கும் வண்டியில் நீர் புகுந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும். அதனை முழுவதும் வடித்து, வண்டிப் புத்தகத்திற் குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். கோடைமுழுதும் தொடாத லீவர் முதல் மழைக்கு நகராது. ஆகையால் மாதம் ஒருமுறையேனும் உழுத நிலத்திலோ மணற்பாங்கான பாதையிலோ போர்வீல் போட்டுச் சிறிது தூரம் ஓட்டி எடுத்துவிடுக. கிழங்கு பிடுங்க ஆள் சொல்லுமுன் இதைச் செய்துகொள்வது உசிதம்.